ட்ரம்பெட்டில் கமகம் வருமா?

ரொம்ப நாளா ட்ராஃப்ட்லயே தூங்கிக்கிட்டிருந்த பதிவு இது. கொஞ்சம் நீளம்தான். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

நமக்கு ஊர் சுரக்குடி. திருநள்ளாறு பக்கம், காரைக்கால் மாவட்டம். வெளியூர்ல இதைச் சொன்னா உடனே வர்ற கேள்வி, "அது தமிழ்நாடா, பாண்டிச்சேரியா?" என்பதுதான். சரித்திரப்படி பார்த்தா பிரெஞ்சுக்காரன் ஊர். 1739-ல் காரைக்கால் பிரெஞ்சுக் கம்பெனி கைக்குப் போச்சு. நடுவுல ஆங்கிலேயர் சில தடவை பிடிச்சு வச்சிருந்ததைக் கழிச்சுட்டா, 1954 நவம்பர் 1 வரைக்கும் அவங்க ஆட்சிதான். காவிரி கடலில் கலக்கிற டெல்டா, பிரெஞ்சுக் கொடி, தெருத்தெருவா சாமி புறப்பாடு, முன்னாடி நாயனமும் தவிலும். இதுதான் எங்க ஊர்ப்பக்கத்துக் கதை.

இப்ப அப்படியே உலக உருண்டையைச் சுத்தி அமெரிக்காவுக்கு வாங்க. மிஸிஸிப்பி ஆறு கடலில் கலக்கிற டெல்டா. அங்க 1718-ல் பிரெஞ்சுக்காரங்க கட்டின ஊர் நியூ ஆர்லியன்ஸ். கொஞ்ச காலம் ஸ்பெயின் கையில இருந்து, 1803-ல் நெப்போலியன் வித்து அமெரிக்காவோட சேர்ந்தது. அங்கேயும் தெருவில் ஊர்வலம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் முன்னாடி ஊதிக்கிட்டுப் போகிற பித்தளை வாத்தியங்கள். ஊதினவங்க பெரும்பாலும் கறுப்பின மக்கள். அந்தத் தெருவில் பொறந்த சங்கீதத்துக்குத்தான் ஜாஸ்னு பேரு. அதை உலகத்துக்கு எடுத்துக்கிட்டுப் போனவர் 1901-ல் அதே ஊர்ல பொறந்த லூயி ஆம்ஸ்ட்ராங். கையில ட்ரம்பெட்.

ரெண்டும் டெல்டா, ரெண்டும் பிரெஞ்சு, ரெண்டும் தெருவில் சத்தமா ஊதுற சங்கீதம். அங்க ட்ரம்பெட், இங்க நாதஸ்வரம். இந்த ரெண்டும் எங்கேயாவது சந்திச்சிருக்கா? ட்ரம்பெட்டில் நம்ம ராகத்தை வாசிக்க முடியுமா? இதுதான் இன்னைக்குப் பதிவு.

முதல்ல கொஞ்சம் இஞ்சினியரிங்

பொட்டி தட்டுறவன் சங்கீதம் எழுதினா இப்படித்தான், பொறுத்துக்குங்க :-)

ட்ரம்பெட் என்பது சுருட்டி வச்ச ஒரு பித்தளைக் குழாய். பிரிச்சு நீட்டினா சுமாரா நாலே முக்கால் அடி வரும். சும்மா குழாயா இருந்தா அதுல எல்லா ஸ்வரமும் வராது. உதட்டை இறுக்க இறுக்க ச, ப, மேல் ச, க என்று தாவித் தாவித்தான் போகும். ராணுவத்துல ஊதுற பியூகிள் கேட்டிருப்பீங்களே, அதே கணக்கு. நடுவுல இருக்கிற ஸ்வரங்களை எப்படிக் கொண்டுவர்றது? 1810களில் ஜெர்மனியில் ஸ்டோல்ஸல், ப்ளூமெல்னு ரெண்டு பேர் வால்வு கண்டுபிடிச்சாங்க. வால்வை அமுக்கினா காற்று கூடுதலா ஒரு துண்டுக் குழாயைச் சுத்திட்டு வரும். ரெண்டாவது வால்வு அரை ஸ்வரம் இறக்கும், முதல் வால்வு ஒரு ஸ்வரம், மூணாவது ஒன்றரை.

மூணு வால்வு, ஒவ்வொண்ணும் ஒண்ணு மேல, இல்ல கீழ. நம்ம பாஷையில் மூணு பிட். மொத்தம் எட்டு நிலை. முதலும் ரெண்டாவதும் சேர்ந்தா மூணாவது தர்ற அதே இறக்கம்தான் என்பதால நடைமுறையில் ஏழு. அதாவது ட்ரம்பெட் டிஜிட்டல் வாத்தியம். படிக்கட்டு மாதிரி. படியில நிக்கலாம், ரெண்டு படிக்கு நடுவுல நிக்கிறது கஷ்டம்.

நாதஸ்வரம் இதுக்கு நேர் எதிர். வால்வும் கிடையாது, சாவியும் கிடையாது. விரல் வைக்க ஏழு துளை. கீழே இருக்கிற மத்த துளைகளை மெழுகு வச்சு சுருதிக்கு ஏத்த மாதிரி அடைச்சுக்குவாங்க. துளையைப் பாதி மூடலாம், கால்வாசி மூடலாம். சீவாளியில் உதட்டை அழுத்துற விதத்திலும் காற்றோட வேகத்திலும் ஸ்வரத்தை ஏத்தலாம், இறக்கலாம், ஆட்டலாம். இது அனலாக். படிக்கட்டு இல்லை, சறுக்குமரம்.

நம்ம சங்கீதத்துக்கு உயிரே அந்தச் சறுக்கல்தான். கமகம் இல்லாத தோடி தோடியே இல்லை. தோடியோட காந்தாரம் ஒரு இடத்துல நிக்கவே நிக்காது, ஊசலாடிக்கிட்டேதான் இருக்கும். அதை மூணு பிட்டுல எப்படி எழுதுவீங்க?

தீட்சிதர் கண்ட வழி

இந்தச் சிக்கல் புதுசு இல்லை. சுமார் இருநூறு வருஷத்துக்கு முன்னாடியே வெள்ளைக்காரன் பேண்டு வாத்தியம் நம்ம பக்கம் வந்தாச்சு. தஞ்சாவூர்ல ரெண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சி 1798 முதல் 1832 வரை) மேற்கத்திய இசைக்குழுவே வச்சிருந்தார். முத்துசுவாமி தீட்சிதர் கோட்டை பேண்டில் வாசிச்ச மெட்டுகளைக் கேட்டு, அதுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். சுமார் நாற்பது பாட்டு. நோட்டுஸ்வரம்னு பேரு.

கவனிங்க, தீட்சிதர் அதை ராக ஆலாபனைக்குள்ள கலக்கலை. சங்கராபரண ஸ்வரங்களில், கமகம் இல்லாம, நேர் நேரா நிக்கிற தனி ரகமா வச்சுட்டார். "இது உன் பாஷை, உன் பாஷையிலேயே பாடுறேன்" என்கிற மாதிரி. புத்திசாலித்தனமான எல்லைக்கோடு. ஆனா கலப்புன்னு அதைச் சொல்ல முடியாது.

பிற்பாடு சின்ன மேளத்துல முகவீணை இருந்த இடத்துக்கு கிளாரினெட் வந்தது. வயலின் கச்சேரி மேடையிலேயே உக்காந்தாச்சு. ட்ரம்பெட் மட்டும் போலீஸ் பேண்டு, சர்ச் பேண்டு, கல்யாண ஊர்வல பேண்டு செட்டோட நின்னுபோச்சு. காரணம் அந்த வால்வுதான்னு நினைக்கிறேன். வயலினில் விரல் சறுக்கும். கிளாரினெட்டில் துளையைப் பாதி மூட வழி உண்டு. ஏ.கே.சி. நடராஜன் அதில் நாதஸ்வர பாணியையே கொண்டுவந்து காட்டினார். 2022-ல் அவருக்கு பத்மஸ்ரீ. ட்ரம்பெட்டில் அப்படி ஒருத்தர் நமக்குக் கிடைக்கலை.

அப்ப இந்தியாவுல பெரிய ட்ரம்பெட் கலைஞர்களே இல்லையான்னு கேக்காதீங்க. இருந்தாங்க, கோவாவில். அங்க போர்ச்சுக்கீசியர் ஆட்சி. சர்ச்சை ஒட்டின பள்ளிகளில் சின்ன வயசுலேயே நோட்டேஷன் படிக்கக் கத்துக்கொடுத்தாங்க. அங்கிருந்து பம்பாய்க்கு வந்தவர்களில் ஒருத்தர் சிக் சாக்லேட். பேரே ஜோரா இருக்குல்ல? இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங்னு சொல்வாங்க. இசையமைப்பாளர் சி. ராம்சந்திராவோட வேலை செஞ்சவர். அந்தக் கால இந்திப் பாட்டுகளில் வர்ற ஜாஸ் வாசனைக்குப் பின்னாடி இவங்கதான் இருக்காங்க. ஆனா அது சினிமாப் பாட்டும் ஜாஸும் கலந்தது. ராகத்துக்குள்ள ட்ரம்பெட் போகலை.

ட்ரம்பெட்காரர்கள் நம்மைத் தேடி வந்த கதை

இங்கதான் கதை திரும்புது. நம்ம ஆளுங்க ட்ரம்பெட்டை எடுக்கலை. ட்ரம்பெட்காரங்க நம்ம சங்கீதத்தைத் தேடி வந்தாங்க.

முதல் ஆள் டான் எல்லிஸ் (1934-1978). ஹாலிவுட் படம் தி ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷனுக்கு (1971) இசை போட்டவர்னா சிலருக்குத் தெரியும். இவர் லாஸ் ஏஞ்சலஸில் ரவிசங்கரின் சிஷ்யர் ஹரிஹர் ராவிடம் நம்ம தாளக் கணக்கைப் படிச்சார். ரெண்டு பேரும் சேர்ந்து ஹிந்துஸ்தானி ஜாஸ் செக்ஸ்டெட்னு ஒரு குழு நடத்தினாங்க. 1966-ல் மாண்டெரே ஜாஸ் விழாவில் எல்லிஸ் வாசிச்ச ஒரு உருப்படியோட பேரே வெறும் எண்கள்: 33 222 1 222. கூட்டிப் பாருங்க, 19 வரும். ஆவர்த்தனத்துக்கு 19 அட்சரம்! நாலு நாலா எண்ணிப் பழகின அமெரிக்கக் காதுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு யோசிங்க. நம்ம தவில்காரருக்கு அது சாயங்காலப் பொழுதுபோக்கு.

அதோட விடலை மனுஷன். மூணு வால்வு போதலைன்னு 1965-ல் ஹோல்டன் கம்பெனியிடம் நாலாவது வால்வு வச்சு ஒரு ட்ரம்பெட் செய்யச் சொன்னார். அந்த வால்வு கால் ஸ்வரம் இறக்கும். நம்ம பாஷையில் இன்னொரு பிட் சேர்த்தார். ரெசல்யூஷன் கூடிச்சு. ஆனா படிக்கட்டு படிக்கட்டுதான், படியோட உயரம்தான் குறைஞ்சது.

ரெண்டாவது ஆள்தான் இந்தப் பதிவோட கதாநாயகன்: மேனார்ட் ஃபெர்குசன் (1928-2006). கனடாக்காரர், மாண்ட்ரியல். ட்ரம்பெட்டில் யாரும் தொடாத உச்ச ஸ்தாயியை அநாயாசமா தொட்டவர். 1950களின் தொடக்கத்தில் ஸ்டான் கென்டன் குழுவில் இவர் ஊதின மேல் ஸ்வரங்களைக் கேட்டு மத்த ட்ரம்பெட்காரங்க மிரண்டு போனாங்க. மேல போகப் போக உதட்டை மட்டும் இறுக்கினா பத்தாது. அடிவயித்துலேர்ந்து காற்று அழுத்தமா, அறாம வரணும். நாதஸ்வரக்காரரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்.

இந்த ஆசாமி 1960களின் பிற்பகுதியில் குடும்பத்தோட இந்தியாவுக்கு வந்துட்டார். மதனப்பள்ளி பக்கத்துல இருக்கிற, ஜே. கிருஷ்ணமூர்த்தி தொடங்கின ரிஷி வேலி பள்ளியில் வாத்தியார் வேலை! திரும்பிப் போய் இங்கிலாந்தில் தங்கி 1970-ல் எம்.எஃப். ஹார்ன்னு ஒரு ஆல்பம் போட்டார். அதுல ஒரு உருப்படியோட பேரைப் பார்த்ததும் நாற்காலியிலேர்ந்து எழுந்துட்டேன். பேரு "சலநாட்டா". ஆமாங்க, நம்ம 36-வது மேளகர்த்தா சலநாட்டை!

எழுபத்திரண்டு மேளத்துல ஏன் சலநாட்டை? இது என் யூகம், சங்கீதம் தெரிஞ்சவங்க அடிக்க வராதீங்க. சலநாட்டையின் ஷட்சுருதி ரிஷபம் பியானோவுல மைனர் மூணாவது ஸ்வரம் இருக்கிற அதே கட்டை. அதுக்கு அடுத்த கட்டையே அந்தர காந்தாரம், அதாவது மேஜர் மூணாவது. ரெண்டும் ஒரே ராகத்துல! அதே மாதிரி ஷட்சுருதி தைவதம், காகலி நிஷாதம்: ரெண்டு ஏழாவதும் பக்கத்துல பக்கத்துல. ஜாஸோட தாய் ப்ளூஸ். அந்த ப்ளூஸோட அழுகையே மைனர் மூணாவதுக்கும் மேஜர் மூணாவதுக்கும் நடுவுல கிடந்து தவிக்கிறதுலதான் இருக்கு. தோடியை எடுத்திருந்தா வால்வு தோத்திருக்கும். சலநாட்டையில் வால்வுக்கும் வேலை இருக்கு, ப்ளூஸ் காதுக்கும் பழக்கமான இடம் இருக்கு.

இன்னொரு விஷயம். புறப்பாட்டுக்கு நாயனத்துல மல்லாரி ஊதுவாங்களே, அது கம்பீரநாட்டை. அதுவும் 36-வது மேளத்தோட பிள்ளைதான். திருநள்ளாறு தெருவில் கேட்கிற அதே குடும்பத்து ராகம், ஒரு கனடாக்காரரோட ட்ரம்பெட் வழியா லண்டன்ல!

ஃபெர்குசனும் வால்வோட நிக்கலை. வால்வும் இருக்கும், ட்ராம்போன் மாதிரி இழுக்கிற குழாயும் இருக்கும்படி ஃபயர்பேர்ட்னு ஒரு ட்ரம்பெட்டையே உருவாக்கினார். படிக்கட்டு பக்கத்துலயே ஒரு சறுக்குமரம் கட்டினார்னு வச்சுக்குங்க.

இதுக்கெல்லாம் முன்னாடியே ஜாஸ்காரங்க இந்த வழியைத் தேடிக்கிட்டுத்தான் இருந்தாங்க. 1938-ல் டியூக் எலிங்டன் குழுவில் ரெக்ஸ் ஸ்டூவர்ட், கார்னெட் வால்வைப் பாதி மட்டும் அமுக்கி, முக்கலும் சறுக்கலுமா "பாய் மீட்ஸ் ஹார்ன்" வாசிச்சார். பாதி வால்வு! நம்ம ஆளுங்க பாதித் துளை. சமுத்திரத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாமலே ஒரே விடையைக் கண்டுபிடிச்சிருக்காங்க.

மூணாவது ஆள் ட்ரம்பெட்காரர் இல்லை, சாக்ஸஃபோன்காரர். சார்லி மரியானோ (1923-2009), பாஸ்டன்காரர். 1960களில் மலேசியாவில் வானொலி இசைக்குழுவுக்குப் பயிற்சி கொடுக்கப் போன இடத்துல நாதஸ்வரம் காதுல விழுந்தது. அவ்வளவுதான், ஆளு விழுந்துட்டார். மத்தவங்க தங்கள் வாத்தியத்துக்கு வால்வு சேர்த்தாங்க, குழாய் சேர்த்தாங்க. இவர் நாதஸ்வரத்தையே கையில எடுத்து மாணவனா உக்காந்தார். 1973-ல் ஜெர்மனியின் எம்ப்ரியோ குழுவோட போட்ட "வீ கீப் ஆன்" ஆல்பத்தில் அவர் நாதஸ்வரம் வாசிக்கிறதைக் கேக்கலாம். அப்புறம் 1983-ல் பெங்களூரு கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோட "ஜ்யோதி". ஆர்.ஏ. ரமாமணியின் குரலோட இவர் சாக்ஸஃபோன் போட்டி போடாம, கூடவே நடந்து வரும்.

சரி, இதுல நமக்கு என்ன?

இருக்கு. கலப்புன்னா எல்லாரும் ஸ்வரத்தைத்தான் பேசுறோம். எனக்கு என்னமோ பாதிச் சண்டை மேடையைப் பத்தினதுன்னு தோணுது.

ஜாஸ் தெருவில் பொறந்தது. அது "கிளாசிக்கல்" மேடைக்குப் போக ரொம்ப வருஷமாச்சு. 1984 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ்காரர் விண்டன் மார்சாலிஸ், 22 வயசுப் பையன், ஒரே இரவில் ஜாஸுக்கும் கிளாசிக்கலுக்கும் ரெண்டு கிராமி வாங்கினார். அதுக்கு முன்னாடி யாரும் ஒரே வருஷத்துல அப்படி வாங்கினதில்லை. ஹைடன், ஹும்மெல் கான்செர்ட்டோ ஒரு பக்கம், ஜாஸ் இன்னொரு பக்கம். 1987-ல் அவர் போட்ட "கார்னவல்" ஆல்பத்தில் பாகனினியின் மோட்டோ பெர்பெச்சுவோவை மூச்சு விடுற இடமே தெரியாம கார்னெட்டில் வாசிப்பார். கன்னத்துல காற்றைத் தேக்கி வெளிய தள்ளிக்கிட்டே, மூக்கால உள்ள இழுக்கிற வித்தை. உலகமே வாய் பிளந்துச்சு. நம்ம ஊர்ல நாயனக்காரர் பக்கத்துல ஒத்து ஊதுறவர் அதே வித்தையை மணிக்கணக்கா செஞ்சுக்கிட்டிருந்தார். அவருக்கு யாரும் கை தட்டலை.

1997-ல் மார்சாலிஸின் "பிளட் ஆன் தி ஃபீல்ட்ஸ்" புலிட்சர் பரிசு வாங்கிச்சு. ஒரு ஜாஸ் படைப்புக்கு அந்தப் பரிசு கிடைச்சது அதுதான் முதல் தடவை. அதோட கதை என்ன தெரியுமா? அடிமை வாழ்க்கை.

நம்ம பக்கத்துல இந்தச் சண்டையை அதுக்கும் அரை நூற்றாண்டு முன்னாடியே போட்டவர் டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898-1956). திருவாவடுதுறைக்காரர். காரைக்காலுக்குக் கூப்பிடு தூரத்துல இருக்கிற திருமருகலைச் சேர்ந்த தாய்மாமன் நடேச பிள்ளையின் அரவணைப்பில் வளர்ந்தவர். அப்ப நாதஸ்வரக்காரர்னா மேல்சட்டை போடக்கூடாது, நின்னுக்கிட்டும் நடந்துக்கிட்டும்தான் ஊதணும். பெரியவங்க முன்னாடி உக்காரக் கூடாது. இவர் கிராப் வெட்டிக்கிட்டார், ஷெர்வானி போட்டுக்கிட்டார், மேடையில உக்காந்தார். ஒத்துக்குப் பதிலா தம்புரா வச்சுக்கிட்டார். கீச்சுன்னு கேக்கிற குட்டை நாயனமான திமிரியை விட்டுட்டு, நீளமான, கனமான நாதம் தர்ற பாரி நாயனத்துக்கு மாறினார். அதைச் சரியான சுத்த மத்யமம் பேசுற மாதிரி ஆச்சா மரத்துல கடைஞ்சு கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. எல்லிஸுக்கு ஹோல்டன் கம்பெனின்னா, பிள்ளைக்கு நரசிங்கம்பேட்டை. 2022-ல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு.

1947 ஆகஸ்ட் 14 இரவு டெல்லியில் சுதந்திரத்தை வரவேற்று ஒலிச்சது அவரோட நாதஸ்வரம். தெருவில் நடந்த வாத்தியம் போன தூரம் அது.

வாத்தியத்தைக் கடைஞ்சு மாத்தினதும், மேடையில உக்காந்ததும் அவருக்கு ஒரே வேலைதான்னு எனக்குப் படுது. நாதம் மாறினாத்தான் சபாவில் உக்கார முடியும், உக்காந்தாத்தான் தோடியை மணிக்கணக்கா விரிக்க முடியும். சாக்ஸஃபோனில் கத்ரி கோபால்நாத் (1949-2019) செஞ்சதும் இதுதான். அப்பா நாதஸ்வரக்காரர். மைசூர் அரண்மனை பேண்டுல சாக்ஸஃபோனைப் பார்த்து ஆசைப்பட்டு, சாவிகளில் மாற்றம் செஞ்சு, வருஷக்கணக்கா உழைச்சு கமகத்தைக் கொண்டுவந்தார். "டூயட்" (1994) படத்துல நாம எல்லாரும் கேட்டு உருகின சாக்ஸஃபோன் அவரோடதுதான். அதே 1994-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிபிசி ப்ராம்ஸ் மேடை. 2008-ல் ருத்ரேஷ் மகந்தப்பாவோட "கின்ஸ்மென்" ஜாஸ் ஆல்பம். அவசரமா நாலு பேரை மேடையேத்தி "ஃப்யூஷன்"னு போர்டு மாட்டுறதுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம், அந்த உழைச்ச வருஷங்கள்தான்.

எனக்கு உறுத்துறது ஒண்ணுதான். ட்ரம்பெட்டுக்குக் கமகம் வராதான்னு ஒருத்தர் வால்வு சேர்த்தார், ஒருத்தர் குழாய் சேர்த்தார், ஒருத்தர் வாத்தியத்தையே மாத்தினார். அவங்க அவ்வளவு தூரம் தேடி வந்த அந்தச் சறுக்கல் நம்ம தெருவில் சும்மா கிடைக்குது. நாம என்னடான்னா பல கோயில்களில் தீபாராதனை நேரத்துக்கு ஸ்விட்சைத் தட்டினா டமடமன்னு அடிக்கிற மோட்டார் மேளத்தை மாட்டி வச்சிருக்கோம். அதுல ஒரே ஒரு பிட்தான். ஆன், இல்லைன்னா ஆஃப். நான் ஆட்டோமேஷன் பண்ணித்தான் சோறு திங்கிறேன், எனக்கே இது அநியாயமாப் படுது.

ஊர்ப்பக்கம் வீட்டு விசேஷம் வச்சிருக்கிற மக்களுக்கு ஒரு வேண்டுகோள். ரெண்டு நாயனம், ரெண்டு தவில் சொல்லுங்க. நடக்கவச்சு மட்டும் அனுப்பிடாம, ஒரு மணி நேரம் மேடையில உக்காரவச்சுக் கேளுங்க. மைக்கை அவங்க கிட்ட கொஞ்சம் தள்ளியே வைங்க, அந்த வாத்தியத்துக்கு அது போதும்.

கேக்க ஆசைப்படுறவங்க இந்த வரிசையில கேளுங்க: முதல்ல ராஜரத்தினம் பிள்ளையோட தோடி. அப்புறம் ரெக்ஸ் ஸ்டூவர்ட், பிறகு ஃபெர்குசனின் "சலநாட்டா", மரியானோ, கடைசியா "கின்ஸ்மென்". கேட்டுட்டு அந்தத் தலைப்புக் கேள்விக்கு உங்க பதிலைச் சொல்லுங்க. என் பதில்: கமகம் இன்னும் முழுசா வரலை, ஆனா வாசல் வரைக்கும் வந்து நிக்குது. உள்ள கூட்டிக்கிட்டு வரப் போறவர் ஏதாவது ஒரு கல்யாண பேண்டு செட்டுல இப்ப ஊதிக்கிட்டிருக்கலாம்.